ஓடி ஆடி இலக்கணம்: பெங்களூரில் வீட்டிலேயே தமிழ் கற்பிப்போருக்கு முழுமையான வழிகாட்டி

"தாத்தா வந்தாரு, பாட்டி வந்தாங்க, பூனை வந்துச்சு." ஐந்து வயதுக் குழந்தை இதைத் தடுமாறாமல் சொல்லிவிடும். "பூனை வந்தாங்க" என்று ஒருநாளும் சொல்லாது. உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு அதன் நாக்கில் ஏற்கெனவே குடியிருக்கிறது; அந்தப் பெயர்கள் மட்டும்தான் அதற்குத் தெரியாது. வீட்டில் இலக்கணம் சொல்லித் தருகிற பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே பெயரையும் வரையறையையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, எடுத்துக்காட்டைப் பிறகு தேடுகிறார்கள். குழந்தை கொட்டாவி விடத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இங்கே சொல்லப்படும் எல்லா விளையாட்டுக்கும் வரிசை ஒன்றே. முதலில் வாய், அடுத்து உடம்பு, பிறகு அட்டை, அதன் பின் எழுத்து, கடைசியில் பெயர். "இதற்குப் பெயர் இரண்டாம் வேற்றுமை" என்று சொல்லும் நாளில், குழந்தை அந்த உருபை, அதாவது "வீட்டை" என்பதில் வரும் "ஐ"யை, நூறு முறையாவது கையாண்டிருக்க வேண்டும்.

பெங்களூர்க் குழந்தைக்கு எது எளிது, எது கடினம்

வீட்டில் தமிழ், கீழ்த்தளத்து விளையாட்டு மைதானத்தில் கன்னடமும் இந்தியும், படிப்புக்கு ஆங்கிலம் என்று வளரும் குழந்தை இது. கன்னடம் இலக்கணத்துக்குத் துணையே தவிர இடைஞ்சல் இல்லை. "மனெகெ ஹோகோணா" என்று நண்பன் கூப்பிடும்போது "வீட்டுக்குப் போகலாம்" என்பதன் அதே கட்டமைப்பு காதில் விழுகிறது. பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவது, வினை கடைசியில் வருவது, ஆண் பெண் மற்றவை என்று வினைமுடிவு மாறுவது எல்லாமே இரண்டு மொழிக்கும் பொது. பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி என்று இணை சேர்க்கும் விளையாட்டைப் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். தமிழில் ப இருக்கும் பல இடங்களில் கன்னடத்தில் ஹ இருக்கிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். மொழிக்குள் ஒழுங்கு இருக்கிறது என்ற உணர்வு அன்றைக்கே வந்துவிடுகிறது. இலக்கணத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

சிக்கல் இருக்கும் இடங்கள் மூன்று. ழ இன்றைய கன்னடத்தில் இல்லை. பழங்கன்னடத்தில் இருந்தது, பிறகு மறைந்தது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு கன்னடத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இந்தியிலும் இல்லை. மூன்றாவது, இந்த ஊரில் எழுதிய தமிழ் கண்ணில் படுவதே அரிது. கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பது கர்நாடகச் சட்டம். மீதி இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். சென்னைக் குழந்தை பேருந்தில் போகும்போதே படித்துப் பழகும் தமிழை இங்கே வீட்டுச் சுவரில்தான் தர முடியும்.

ஆகவே முதல் வேலையாக வீட்டில் 10 சீட்டு ஒட்டுங்கள். "கதவு", "ஜன்னல்" என்று வெறும் பெயரை எழுத வேண்டாம். குழந்தைக்கு அது முன்பே தெரியும். முழுக் கட்டளையாக எழுதுங்கள்: "கதவை மெதுவாகச் சாத்து", "செருப்பைக் கழற்றி அடுக்கு", "பாலைக் குளிர்பெட்டியில் வை", "குளியலறைக்குப் போகும்முன் விளக்கைப் போடு". உருபும், சொற்களுக்கு நடுவே வரும் ஒற்றும் (புள்ளி எழுத்து) இடம்பெற்ற வரிகள் தினமும் கண்ணில் படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சீட்டை மாற்றுங்கள். அதற்குமேல் அது சுவரோடு சுவராகி, யாரும் பார்க்க மாட்டார்கள்.

வாங்க வேண்டியவை

22க்கு 28 அங்குல சார்ட் தாள் இரண்டு. ஐந்தரைக்கு மூன்றரை அங்குலமாக வெட்டினால் ஒரு தாளில் 32 அட்டை வரும், மொத்தம் 64. துணி காயப்போடும் கிளிப் 36. மாஸ்கிங் டேப் ஒரு சுருள். கருப்பு, சிவப்பு, பச்சை மார்க்கர் தலா ஒன்று. ஒரு துணிப்பந்து, ஐந்து மீட்டர் கயிறு, ஒரு கைக்கண்ணாடி. இவ்வளவு போதும்.

நிறத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்றாதீர்கள். சொல் கருப்பு, உருபும் விகுதியும் சிவப்பு, இடையில் வந்து சேரும் எழுத்து பச்சை. "மரத்தை" என்பதில் "ஐ" சிவப்பு, "த்த்" பச்சை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிறகு சாரியை என்ற சொல்லை விளக்க அரை நிமிடம் போதும்.

டைல்ஸ் தரையில் ஒட்டிய டேப்பை இரண்டு நாளுக்குள் உரித்துவிடுங்கள், இல்லையென்றால் பசை தங்கும். அடுக்குமாடியில் குதிக்கும் விளையாட்டுகளைக் காலை 10 மணிக்குமேல் வைத்துக்கொள்வது நல்லது, கீழே ஒரு பாய் விரித்தால் சத்தம் குறையும். மொட்டை மாடி கிடைத்தால் டேப் எதற்கு? சுண்ணக்கட்டி போதும்.

நேரக் கணக்கு: 5 முதல் 7 வயதுக்கு 12 நிமிடம், 8 முதல் 10 வயதுக்கு 20 நிமிடம், அதற்குமேல் 25 நிமிடம். வாரம் நான்கு நாள். குழந்தை "இன்னும் ஒரு தடவை" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு நாளும் கடைசி ஐந்து நிமிடம், ஆடியதிலிருந்து மூன்று வாக்கியம் நோட்டில் ஏற வேண்டும். இதை விட்டுவிட்டால் குழந்தை விளையாட்டில் கெட்டிக்காரனாகி, எழுதும்போது பழைய பிழையையே செய்யும்.

முதல் படி: ஐந்து மூலைகள்

இது திணைக்கும் (உயர்திணை, அஃறிணை) பாலுக்குமான (ஆண், பெண், பலர், ஒன்று, பல) விளையாட்டு. அறையில் ஐந்து இடத்தில் சிவப்பு மார்க்கரில் எழுதிய அட்டையை வையுங்கள்: ஆன், ஆள், ஆர்கள், அது, அன. நீங்கள் ஒரு பெயரைச் சொல்ல, குழந்தை சரியான மூலைக்கு ஓடி, "வா" என்ற வினையை அந்த முடிவோடு சொல்ல வேண்டும். மாமா, அத்தை, பிள்ளைகள், யானை, யானைகள் என்று எளிதாகத் தொடங்குங்கள்.

முதல் மூன்று மூலையில் பிழை வராது. "யானைகள்" என்றதும் பாதிக் குழந்தைகள் "அது" மூலைக்கு ஓடி "யானைகள் வந்தது" என்பார்கள். பேச்சில் "யானைங்க வந்துச்சு" என்பதே வழக்கம் என்பதால் காது உதவாது. ஆகவே "அன" மூலைக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். ஒரு பொம்மையைத் தூக்கி "வந்தது", இரண்டைத் தூக்கி "வந்தன". பொம்மையைக் கூட்டியும் குறைத்தும் வேகமாகக் கேளுங்கள். இரண்டு நாளில் பிடிபடும். எதிர்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. யானையும் வரும், யானைகளும் வரும்.

மூன்றாம் நாள் சிக்கலான பெயர்களை இறக்குங்கள். "அப்பா" ஆண்தான், ஆனால் "வந்தான்" என்று சொல்ல வாய் வராது. "வந்தார்" என்று மரியாதையால் பலர்பால் வடிவம் வருகிறது. "குழந்தை சிரித்தது" என்கிறோம், குழந்தை அஃறிணையா? "சூரியன்" என்பது "ன்" என்று முடிகிறதே, "உதித்தான்" என்பதா, "உதித்தது" என்பதா? கதையில் சிங்கம் பேசினால் "சொன்னது" என்பதா, "சொன்னார்" என்பதா? இவற்றுக்கு உடனே விடை சொல்லாமல் வாதாட விடுங்கள். சூரியன் பாட்டில் "வந்தான்" என்றும் அறிவியல் பாடத்தில் "உதித்தது" என்றும் வருவதை அவர்களே பொருத்திப் பார்ப்பார்கள். திணை என்பது பொருளைச் சார்ந்தது மட்டும் இல்லை, நாம் அதை எப்படி நினைக்கிறோம் என்பதையும் சார்ந்தது என்ற பெரிய விஷயம் எட்டு வயதிலேயே புரிந்துவிடுகிறது.

இரண்டாம் படி: கயிற்று வட்டம்

நாம், நாங்கள் வேறுபாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஐந்து மீட்டர் கயிற்றைத் தரையில் வட்டமாகப் போடுங்கள். பேசுகிறவர் வட்டத்துக்குள் நிற்பார். கேட்கிறவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு பேசினால் "நாம்". அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் "நாங்கள்".

குழந்தையும் அக்காவும் உள்ளே, அம்மா வெளியே: "அம்மா, நாங்கள் கப்பன் பார்க்குக்குப் போகிறோம்." அம்மா முகம் சுளிக்க வேண்டும். குழந்தை கையை நீட்டி உள்ளே இழுத்துவிட்டு: "அம்மா, நாம் கப்பன் பார்க்குக்குப் போகிறோம்." பேச்சில் இது "நாங்க", "நாம". எங்கள் நம், எங்களுக்கு நமக்கு என்ற இணைகளையும் இதே வட்டத்தில் ஆடலாம். ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "நாங்க" போடுவார்கள். "நாங்க சாப்பிடலாமா?" என்று உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், "எனக்குக் கிடையாதா?" என்று கேளுங்கள். திருத்தத்தைவிட அந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம் படி: உருபுக் கிளிப்

இதற்கு மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள். தமிழ் எழுத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதி, பெயரும் உருபும் சேரும் இடத்தில்தான் நடக்கிறது.

கிளிப்பில் டேப் சுற்றிச் சிவப்பில் எழுதுங்கள்: ஐ 6, கு 6, இல் 6, உடைய 6, ஆல் 4, ஓடு 4, இலிருந்து 4. பெயர் அட்டை 24 தயாரிக்க வேண்டும். இவற்றை உருபு ஒட்டும் விதத்தை வைத்து ஆறு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் குழந்தையிடம் குழுவைச் சொல்ல வேண்டாம்.

தயிர், பாய், நாய், அண்ணன்: ஐ நேராக ஒட்டும், தயிரை.
கல், பல், கண், முள்: கடைசி மெய் இரட்டிக்கும், கல்லை.
கிளி, யானை, பூ, அம்மா: நடுவில் ய் அல்லது வ் வந்து பாலம் போடும், கிளியை, பூவை.
பந்து, பாம்பு, மூக்கு, காசு: உகரம் உதிரும், பந்தை.
வீடு, மாடு, சோறு, கயிறு: ட், ற் இரட்டிக்கும், வீட்டை, சோற்றை.
மரம், பழம், படம், புத்தகம்: ம் போய் த்த் வரும், மரத்தை.

விளையாட்டுக்குள் நுழையும்முன் உருபு எதற்கு என்று காட்டிவிடுங்கள். பாம்பு, கீரி என்று இரண்டு அட்டை, கையில் இரண்டு பொம்மை. "பாம்பு கீரி கடித்தது" என்று சொல்லிவிட்டு, நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எது எதைக் கடித்தது? குழந்தை குழம்பி உங்களைப் பார்க்கும். இப்போது ஒரே ஒரு "ஐ" கிளிப்பைக் கையில் கொடுங்கள். அது எந்த அட்டையில் மாட்டுகிறதோ அந்தப் பொம்மைக்குக் கடி. பிறகு அட்டைகளை இடம் மாற்றுங்கள்: "பாம்பைக் கீரி கடித்தது", "கீரி பாம்பைக் கடித்தது". வரிசை மாறியும் பொருள் மாறவில்லை. ஆங்கிலத்தில் சொல்லின் இடம் செய்கிற வேலையைத் தமிழில் ஒரு சின்ன உருபு செய்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து முழு ஆட்டம். நீங்கள் ஒரு பெயர் அட்டையைக் காட்டி, ஒரு வினையைச் சொல்லுங்கள். குழந்தை எந்தக் கிளிப் என்று தேர்ந்து மாட்டி, வாக்கியத்தைச் சொல்லி, அதைச் செய்தும் காட்ட வேண்டும். பாய், உட்கார்: "பாயில் உட்கார்." பாய், இறங்கு: "பாயிலிருந்து இறங்கு." கயிறு, கட்டு: "கயிற்றால் கட்டு." பந்து, எடு: "பந்தை எடு." வீடு, போ: "வீட்டுக்குப் போ." செய்து காட்டாத வாக்கியத்துக்குப் புள்ளி கிடையாது, உடம்பு அசைவதுதான் இங்கே பாடம்.

நிச்சயம் நடக்கிற பிழை ஒன்று: "மரம்" அட்டையில் "ஐ" மாட்டிவிட்டு "மரமை" என்று படிப்பது. அட்டை கண்ணை ஏமாற்றுகிறது. அப்போது விதியைச் சொல்லாதீர்கள். "அட்டையைக் கீழே வை. ஜன்னல் வழியாக அந்த மரத்தைக் காட்டி, பார்க்கச் சொல்லு" என்று கேளுங்கள். குழந்தை யோசிக்காமல் "மரத்த பாரு" என்னும். அதன் வாயிலிருந்தே விடை வந்துவிட்டது; "மரத்த" என்பதை "மரத்தை" என்று எழுதுகிறோம், அவ்வளவுதான். எங்கே தடுமாறினாலும் பேச்சுக்குப் போய்த் திரும்புங்கள். "வீட்ட பூட்டு" என்று சொல்லும் குழந்தைக்கு "வீட்டை" தெரியாமல் இருக்க முடியாது.

இரண்டு வாரம் ஆடிய பிறகு 24 அட்டையையும் தரையில் பரப்பி, "ஒரே மாதிரி மாறுகிறவற்றை ஒன்றாகச் சேர்" என்று விட்டுவிடுங்கள். ஆறு குழுவைக் குழந்தையே கண்டுபிடிக்கும். அரை மணி நேரம் ஆகலாம், குறுக்கிடாதீர்கள். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதலாக நண்டு, கன்று என்ற இரண்டு அட்டையைத் தூக்கிப் போடலாம். டு, று என்று முடிந்தும் இவை நண்டை, கன்றை என்றுதான் ஆகும். முன்னால் ண், ன் நிற்பதால் இரட்டிப்பதில்லை.

பேச்சு கைவிடுகிற ஓர் இடம் உண்டு. "அண்ணனோட சைக்கிள்", "அண்ணனோட போனேன்" இரண்டிலும் பேச்சில் ஒரே "ஓட". எழுத்தில் முதலாவது "அண்ணனுடைய சைக்கிள்", இரண்டாவது "அண்ணனோடு போனேன்". இதற்கு நடிப்பு: சொந்தம் என்றால் பொருளை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, கூட என்றால் தோளில் கைபோட்டு நடப்பது. பத்து வாக்கியம் மாற்றி மாற்றிச் சொன்னால் போதும்.

"கு" கிளிப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஆங்கிலம் மிகுந்த வீட்டில் "நான் இது பிடிக்கும்", "நான் பசி" என்ற வாக்கியங்கள் காதில் விழும். பசி, தெரியும், பிடிக்கும், வேண்டும், வலிக்கிறது ஆகிய ஐந்து அட்டைக்கு முன்னால் "எனக்கு" தவிர வேறெதுவும் நிற்க முடியாது என்று ஒரு தனி ஆட்டம் வையுங்கள். "வீட்டுக்கு", "வீட்டிற்கு" இரண்டுமே சரி. அதில் சண்டை வேண்டாம்.

மெட்ரோவில் போகும்போது இதைக் கையில் ஒன்றும் இல்லாமல் ஆடலாம். ஊதா வழித்தடத்தில் அல்சூரில் ஏறினால் டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க் என்று மூன்று நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு மூடுவதற்குள் அந்த நிலையத்தின் பெயரை வேறு உருபோடு வைத்து ஒரு வாக்கியம். "டிரினிட்டியில் ஒரு தாத்தா ஏறினார்." "எம்.ஜி. ரோட்டிலிருந்து நடந்தும் போகலாம்." கண்ணுக்கு எதிரில் நடப்பதைச் சொல்வதால் சலிப்பு தட்டாது.

இவ்வளவும் ஆன பிறகுதான் எண். எழுவாய் முதலாவது, ஐ இரண்டு, ஆல் ஓடு மூன்று, கு நான்கு, இலிருந்து ஐந்து, உடைய ஆறு, இல் ஏழு, கூப்பிடுவது எட்டு. பாடநூலில் ஐந்தாவதற்கு இன், இல் என்றும் ஆறாவதற்கு அது என்றும் ஏழாவதற்கு கண் என்றும் இருக்கும். அவை பழைய உருபுகள், வேலை ஒன்றே என்று சொல்லிவிடுங்கள். எட்டாவதற்கு மாடியிலிருந்து கூப்பிடும் ஆட்டம் போதும்: கண்ணன் கண்ணா ஆவான், மகள் மகளே ஆவாள்.

நான்காம் படி: காலக் கட்டங்கள்

தரையில் மூன்று கட்டம்: நேற்று, இப்போது, நாளை. வினையைச் சொல்லிக்கொண்டே தாவ வேண்டும். ஓடினான், ஓடுகிறான், ஓடுவான். பேச்சிலேயே சரியாக வருவதால் இது வேகமாக முடிந்துவிடும். கவனிக்க ஒன்றே ஒன்று: நிகழ்காலத்தில் "க்கிற" வந்தால் எதிர்காலத்தில் "ப்ப்" வரும், படிக்கிறான் படிப்பான், வெறும் "கிற" வந்தால் பெரும்பாலும் "வ்" வரும், செய்கிறான் செய்வான். நிற்கிறான் நிற்பான், கேட்கிறான் கேட்பான், உண்கிறான் உண்பான் ஆகியவை தனி. இறந்தகாலத்துக்கு நான்கு பெட்டி வைத்துச் செய்தான், உண்டான், சென்றான், பாடினான் என்று வினை அட்டைகளைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். த், ட், ற், இன் என்ற இடைநிலைப் பெயர்கள் 11 வயதுக்குப் பிறகு போதும்.

ஐந்தாம் படி: க், ச், த், ப் காவலர்கள்

வல்லினம் மிகும் இடம், அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவே க், ச், த், ப் கூடுதலாக வரும் இடம், என்றாலே பெரியவர்களுக்கும் கை நடுங்கும். 30 விதியை ஒன்றாகக் கொட்டுவதுதான் காரணம். பத்து வயதுக் குழந்தைக்கு நான்கு மிகும் இடமும், மூன்று மிகாத இடமும் போதும். அன்றாட எழுத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் ஏன் இது வேண்டும் என்பது. "கீரை கடை" என்று சொன்னால் குழந்தை மத்தால் கீரையைக் கடைவதுபோல் கையைச் சுழற்ற வேண்டும். "கீரைக்கடை" என்றால் சம்மணமிட்டு உட்கார்ந்து "கீர, கீர" என்று கூவ வேண்டும். "வேலை கொடு" என்றால் துடைப்பத்தை நீட்டலாம். "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருக்கும் வேலாயுதத்தை நீட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு புள்ளி எழுத்து பொருளையே புரட்டிப் போடுவதை உடம்பு மறக்காது.

பிறகு தரை ஆட்டம். ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவே ஒரு டைல்ஸ் இடைவெளி. குழந்தையின் கையில் க், ச், த், ப் என்ற நான்கு பச்சை அட்டை. முதலில் இரண்டு சொல்லையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒற்று வரும் என்றால் சரியான அட்டையோடு இடைவெளியில் குதிக்கலாம். வராது என்றால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். நான்கு காவலர்கள் மட்டும் ஏன்? ட, ற இரண்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வருவதில்லை.

குதிக்கும் இடங்கள்: "ஐ" உருபுக்குப் பின் (பாலைக் குடி), "கு" உருபுக்குப் பின் (கடைக்குப் போ), அந்த இந்த எந்த என்பவற்றுக்குப் பின் (அந்தச் சட்டை), அப்படி இப்படி எப்படி என்பவற்றுக்குப் பின் (எப்படிச் செய்தாய்).

நிற்கும் இடங்கள்: அது, இது, எது (அது பறந்தது), ஆல் ஓடு உடைய (கத்தியால் சீவு, தம்பியோடு போ, என்னுடைய பை), "வந்த", "பெரிய" போன்ற சொற்கள் (வந்த பையன், பெரிய பந்து).

ஒரு வாரத்துக்கு ஒரு விதி. இரண்டாம் வாரத்தில் "அந்த" வந்ததும் "வந்தப் பையன்" என்று எழுதத் தொடங்குவார்கள். இரண்டும் "ந்த" என்று முடிவதால் வரும் குழப்பம். "அந்தப் பையன்", "வந்த பையன்" இரண்டையும் மெதுவாகச் சொல்லி, முதலாவதில் உதடு ஒரு நொடி மூடி அழுந்துவதைக் கைக்கண்ணாடியில் பார்க்கச் செய்யுங்கள். நல்ல தமிழ்ப் பேச்சைக் கேட்டு வளரும் குழந்தைக்குக் காதே விதி. ஆகவேதான் வாய்விட்டுச் சொல்லாமல் குதித்தால் ஆட்டமிழப்பு.

ல, ள, ழ முதலான எழுத்துகள்

இதே கண்ணாடியோடு தினமும் மூன்று நிமிடம். ல சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்னால் தொடும். ள சொல்லும்போது மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது மடியும், ஆனால் எதையும் தொடாது. "ள" சொல்லிவிட்டுத் தொடுகையை மட்டும் விலக்கச் சொன்னால் ழ வந்துவிடும். வலி என்றால் வயிற்றைப் பிடிப்பது, வழி என்றால் கை காட்டுவது, வளி என்றால் ஊதுவது என்று செய்கையோடு ஆடுங்கள்.

ர, ற வேறுபாட்டுக்குக் காதை நம்ப முடியாது. பெரும்பாலான வீடுகளில் உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது. எழுத்து விதிதான் துணை. ற் என்ற புள்ளி எழுத்துக்குப் பின் ற, க, ச, ப மட்டுமே வரும் (காற்று, நிற்க, முயற்சி, கற்பனை), த வராது. எனவே பார்த்தான் என்பதில் ர் தவிர வேறு வர வழியில்லை. அதேபோல ட முன்னால் ண், த முன்னால் ந், ற முன்னால் ன். இவை கைகோத்து நிற்கும் இணைகள். வண்டி, பந்து, கன்று. அட்டை மாட்டிய பொம்மைகளை இணை சேர்க்கும் ஆட்டமாக வைத்தால் ந, ன, ண பிழை பாதியாகக் குறையும். இண்டர்நெட், இன்டர்நெட் போன்ற பிறமொழிச் சொற்களை இந்த ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

எங்கே கெடுகிறது

பேச்சைத் திருத்துவதுதான் மிகப் பெரிய தவறு. சாப்பாட்டு மேசையில் "வந்துச்சு இல்ல, வந்ததுன்னு சொல்லு" என்றால் குழந்தை அடுத்த முறை ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். பேச்சுத்தமிழுக்கும் முழு இலக்கணம் உண்டு. அது தவறான எழுத்துத்தமிழ் இல்லை. எழுதியதை உரக்கப் படிக்கும்போது பிழை வந்தால்கூட, "நாய்கள் வந்தன, சரி, அப்புறம் என்ன ஆச்சு கண்ணா?" என்று நீங்கள் சரியாகச் சொல்லிக் கடந்துபோங்கள்.

அம்மா வேலூர், அப்பா திருநெல்வேலி என்று இருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. எந்தப் பேச்சு சரி என்ற வாக்குவாதம் குழந்தை முன்னால் வேண்டாம். இரண்டு வடிவத்தையும் சுவரில் எழுதி, இரண்டுக்கும் பொதுவான எழுத்து வடிவத்தை நடுவில் எழுதினால் அதுவே ஒரு பாடம்.

ஆறு வயதையும் பத்து வயதையும் போட்டிக்கு நிறுத்தாதீர்கள். பெரிய குழந்தை அட்டை காட்டும் ஆசிரியராகட்டும், நடத்துகிறவர்தான் அதிகம் கற்கிறார். ஒரே குழந்தை என்றால் பொம்மைகளுக்கும் ஆட்டத்தில் பங்கு கொடுங்கள். பொம்மை வேண்டுமென்றே பிழை செய்ய, குழந்தை அதைத் திருத்துவதில் இருக்கும் உற்சாகமே தனி.

பின்னாளில் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிற எண்ணம் இருந்தால், அதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். 12 வயதுவரை விளையாட்டு, அதன் பிறகு பெயர்களும் வரையறைகளும் என்று வைத்துக்கொண்டாலும் நேரம் தாராளமாக இருக்கிறது.

மாதச் சோதனை

வினாத்தாள் வேண்டாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை, வீட்டு வாசலிலிருந்து மளிகைக் கடைவரை போய், ஒரு பொருள் வாங்கித் திரும்பும் வழியைக் குழந்தை எட்டு வாக்கியத்தில் எழுதட்டும். நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியபடியே நடக்க வேண்டும், குழந்தை கூடவே வரும். "லிஃப்டில் இறங்கு" என்றால் லிஃப்டில் இறங்குங்கள். "லிஃப்டிலிருந்து இறங்கு" என்று எழுதியிருந்தால் உள்ளே நுழைந்த உடனே வெளியே வந்து நில்லுங்கள். "கடைக்காரர் காசு கொடு" என்று இருந்தால் கையை நீட்டிக்கொண்டு அவர் காசு தரக் காத்திருங்கள். குழந்தை சிரித்துக்கொண்டே தாளைப் பிடுங்கித் திருத்தும். பச்சை, சிவப்பு மார்க்கரைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். வீடு திரும்பியதும் தேதி போட்டு அந்தத் தாளைக் கோப்பில் வையுங்கள். திருத்திய இடங்களில் அதிகம் வந்தது எதுவோ, அடுத்த மாதம் அந்த ஆட்டம் மட்டும்.